மெமரி கார்டின் பேச்சை ஒட்டுக்கேட்ட வரலாறு

கேமராவிலோ தரவுப் பதிவுக் கருவியிலோ செருகப்பட்ட எஸ்டி மெமரி கார்டு, அந்தக் கருவியின் மைக்ரோகன்ட்ரோலருடன் ஆறு செப்புத் தடங்கள் வழியாகப் பேசுகிறது. கிளாக் எனப்படும் கடிகாரத் துடிப்புக்கு ஒரு தடம், கட்டளைக்கும் மறுமொழிக்கும் சேர்த்து ஒரு தடம், தரவுக்கு நான்கு. இந்தப் பேச்சு எங்கேனும் முறிந்தால் திரையில் தெரிவதோ, கார்டைப் படிக்க முடியவில்லை என்ற ஒரு வரி மட்டும்தான். கார்டு பழுதா, சாக்கெட்டின் தொடுமுனை தேய்ந்துவிட்டதா, நிரலில் பிழையா, மின்வழங்கல் போதவில்லையா என்று அந்த வரியைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. பேசும் இரு தரப்பையும் தொடாமல், நடுவிலுள்ள கம்பியில் காதை வைத்துக் கேட்டால்தான் காரணம் புலப்படும். இப்படிக் கேட்கும் கலைக்கு இரண்டு மூதாதைகள் உண்டு. ஒன்று மின்சமிக்ஞையைக் கண்ணால் பார்க்கும் கருவிகளின் நீண்ட மரபு. மற்றொன்று ஃபிளாஷ் நினைவகம். இரண்டும் சந்தித்தது 1990களின் பிற்பகுதியில்தான்.

மின்னழுத்தம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதைக் கோடாக வரைந்து காட்டும் வழியை 1897இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன் உருவாக்கிய கேத்தோடு கதிர்க் குழாய் திறந்துவைத்தது. ஆனால் அலைவுகாட்டி என்ற ஆசிலோஸ்கோப் நம்பகமான அளவைக் கருவியானது அரை நூற்றாண்டுக்குப் பிறகு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் 1946இல் தொடங்கப்பட்ட டெக்ட்ரானிக்ஸ், அடுத்த ஆண்டே ஹோவர்ட் வோலமின் வடிவமைப்பில் 511 என்ற ஸ்கோப்பை வெளியிட்டது. டிரிக்கர் வசதிதான் அதன் பெருமை. சமிக்ஞை குறிப்பிட்ட மின்னழுத்தத்தைத் தொடும் கணத்தில் மட்டும் கோடு ஓடத் தொடங்கும். அதனால் மீண்டும் மீண்டும் வரும் அலை திரையில் அசையாமல் நிற்கும். வானொலி, தொலைக்காட்சி, ரேடார் வேலைகளுக்கு இதற்கு மேல் தேவைப்படவில்லை.

கணிப்பொறிச் சுற்றுகள் வந்தபோது அந்தப் பலமே குறையாகத் தெரிந்தது. ஒன்று, சுழியம் என்ற இரண்டு நிலைகளில் இயங்கும் சுற்றில் அலையின் வடிவத்தைவிட, எந்தத் தடத்தில் எந்த வரிசையில் எந்த மதிப்பு வந்தது என்பதே முக்கியம். ஒரு கட்டளை ஒரே முறை வரும், மீண்டும் வராது. ஸ்கோப்பில் இருந்ததோ இரண்டு அல்லது நான்கு சானல்கள். பதினாறு தடங்களில் ஒரே கணத்தில் நடப்பதை அதில் பார்க்க வழியில்லை. பிழை நேர்ந்த பிறகு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்கவும் முடியாது.

1971இல் இன்டெல் 4004 நுண்செயலி வந்தது. 1973இல் ஹியூலட் பேக்கார்ட் நிறுவனம் 5000ஏ என்ற கருவியை லாஜிக் அனலைசர் என்ற பெயரோடு அறிமுகப்படுத்தியது. அதில் கேத்தோடு கதிர்த் திரையே இல்லை. இரண்டு சானல்களில் வந்த பிட்டுகளை இரண்டு வரிசை ஒளிர் டயோடுகளாகக் காட்டியது. அதையொட்டி வந்த 1601எல் பன்னிரண்டு சானல்களைப் படித்து, ஒன்றும் சுழியமுமாக அட்டவணை போலத் திரையில் எழுதியது. அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் பயோமேஷன் நிறுவனமும் எட்டுச் சானல் பதிவுக் கருவியைக் கொண்டுவந்தது. அதன் அணுகுமுறை வேறு. தன் சொந்தக் கடிகாரத்தின்படி சீரான இடைவெளியில் மாதிரி எடுத்து, தடங்கள் எப்போது ஏறின, எப்போது இறங்கின என்று படமாகக் காட்டியது.

இந்த இரு வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு இன்றுவரை நீடிக்கிறது. சோதிக்கப்படும் சுற்றின் கடிகாரத் துடிப்பையே பயன்படுத்தி மாதிரி எடுப்பது நிலைப் பகுப்பாய்வு. அனலைசரின் சொந்தக் கடிகாரத்தால் எடுப்பது நேரப் பகுப்பாய்வு. முன்னது என்ன சொல்லப்பட்டது என்று காட்டும். பின்னது எப்போது, எவ்வளவு தாமதித்துச் சொல்லப்பட்டது என்று காட்டும். மெமரி கார்டுடன் பேசும் கருவி கடிகாரத் துடிப்பையும் தனித் தடத்தில் அனுப்புவதால், இரண்டு முறைகளுக்கும் அந்தப் பேச்சு ஒத்துவருகிறது. ஒட்டுக்கேட்பவர்களுக்கு இது பெரிய வசதி.

1977இல் வந்த இன்னொரு கருவி இந்த வரலாற்றில் போதிய கவனம் பெறாதது. ஹியூலட் பேக்கார்டின் 5004ஏ சிக்னேச்சர் அனலைசர் சமிக்ஞையை வரைந்து காட்டவில்லை. ஒரு தடத்தில் குறிப்பிட்ட காலத்துக்குள் வந்த அத்தனை பிட்டுகளையும் 16 பிட் பின்னூட்ட நகர்வுப் பதிவகத்தில் செலுத்தி, கடைசியில் எஞ்சும் மதிப்பை நான்கு எழுத்துகளாகக் காட்டியது. எண்களோடு ஏ, சி, எஃப், எச், பி, யு என்ற ஆறு எழுத்துகள் மட்டும் அதில் வரும். ஏழு துண்டு விளக்கில் ஒன்றோடொன்று குழம்பாதவை என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டவை. சரியாக இயங்கும் சுற்றில் ஒவ்வொரு புள்ளியிலும் வரவேண்டிய நான்கு எழுத்துகளை வரைபடத்திலேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டால், பழுது பார்ப்பவர் புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்த்து, எழுத்து மாறும் இடத்தில் பழுதைப் பிடித்துவிடலாம். நுண்செயலியை ஆழமாகப் படித்திராத தொழிலாளியின் கையிலும் அது வேலை செய்தது. நீண்ட பிட் வரிசையைச் சிறு எச்சமாகச் சுருக்கி ஒப்பிடும் இதே கணிதம்தான் பின்னாளில் சிஆர்சி என்ற பெயரில் மெமரி கார்டின் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒவ்வொரு தரவுக் கட்டத்துக்கும் காவலாக வந்து நின்றது.

மறுபக்கத்தில் ஃபிளாஷ் நினைவகத்தின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984இல் சான்ஃபிரான்சிஸ்கோ மாநாடு ஒன்றில் அதை அறிவித்தார். 1987இல் நேண்ட் வகையையும் முன்வைத்தார். நினைவகம் ஒரே வீச்சில் அழிவதைப் பார்த்து, கேமராவின் ஃபிளாஷ் நினைவுக்கு வர, அவருடைய சக பணியாளர் ஷோஜி அரிஇசுமி சொன்ன பெயர் அது. மின்சாரம் போனாலும் தரவு போகாத இந்த நினைவகத்தைச் செருகிக் கழற்றும் அட்டையாக்கும் போட்டி 1990களில் மூண்டது. 1994இல் சான்டிஸ்க்கின் காம்பாக்ட்ஃபிளாஷ் 50 முனைகளோடு வந்தது. 1995இல் தோஷிபாவின் ஸ்மார்ட்மீடியா 22 முனைகளோடு வந்தது. ஸ்மார்ட்மீடியாவுக்குள் நேண்ட் சில்லைத் தவிர எதுவும் இல்லை. எந்தக் கட்டம் கெட்டுப்போனது, எதை எங்கே எழுதுவது என்ற கணக்கு முழுவதும் கேமராவின் தலையில் விழுந்தது.

1997இல் சான்டிஸ்க்கும் சீமென்ஸும் கொண்டுவந்த மல்டிமீடியா கார்டு எடுத்த முடிவுகள் இந்தக் கட்டுரையின் பொருளுக்கு மிக முக்கியமானவை. அட்டைக்குள்ளேயே ஒரு கட்டுப்படுத்தி வைக்கப்பட்டது. முனைகள் ஏழாகக் குறைக்கப்பட்டன. பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகச் சென்றன. ஐம்பது முனை அட்டையை ஒட்டுக்கேட்கப் பெரிய அனலைசரும், கூந்தல் போலத் தொங்கும் புரோப் கம்பிகளும் வேண்டும். ஏழு முனை அட்டைக்கு எட்டுச் சானல் சிறு கருவியே போதும். செலவையும் இடத்தையும் மிச்சப்படுத்த எடுத்த முடிவு, கேட்பவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. மோட்டரோலா 1980களில் பரப்பிய எஸ்பிஐ என்ற எளிய தொடர்முறையிலும் பேச அந்த அட்டைக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. சந்தையிலிருந்த ஏறத்தாழ எந்த மைக்ரோகன்ட்ரோலரும் அதனுடன் உரையாட முடிந்தது.

1999 ஆகஸ்டில் சான்டிஸ்க், மாட்சுஷிட்டா, தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் எஸ்டி கார்டை அறிவித்தன. 2000 ஜனவரியில் எஸ்டி சங்கம் உருவானது. மல்டிமீடியா கார்டின் நீள அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தடிமனை 2.1 மில்லிமீட்டராக்கி, முனைகளை ஒன்பதாக உயர்த்தி, தரவுக்கு நான்கு தடங்களைக் கொடுத்தார்கள். இசையைத் திருட்டு நகலெடுப்பதிலிருந்து காக்கும் ஏற்பாடும் சேர்ந்ததால் விவரக்குறிப்பு உரிமத்துக்குள் பூட்டப்பட்டது. முழு ஆவணத்தைப் படிக்க உறுப்பினராகவும் உரிமம் பெறவும் வேண்டியிருந்தது. வெளியே இருந்தவர்களுக்குக் கிடைத்தது மல்டிமீடியா கார்டின் வெளிப்படை ஆவணங்களும், கார்டு உற்பத்தியாளர்களின் தயாரிப்புக் கையேடுகளும், தங்கள் அனலைசரில் விழுந்த பிட் வரிசைகளும்தான். 2006இல் சங்கம் சுருக்கிய விவரக்குறிப்பைப் பொதுவில் வெளியிட்ட பிறகே, கம்பியில் கேட்டதை ஆவணத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க எல்லோராலும் முடிந்தது.

கம்பியில் கேட்கும் பேச்சு கட்டுக்கோப்பானது. ஒவ்வொரு கட்டளையும் சரியாக 48 பிட். முதல் பிட் சுழியம். பேச்சு தொடங்குகிறது என்பதன் அடையாளம். இரண்டாவது பிட் ஒன்றாக இருந்தால் பேசுவது கருவி. சுழியமாக இருந்தால் பேசுவது கார்டு. இருவரும் ஒரே தடத்தில் பேசுவதால், கேட்பவர் ஆளை அடையாளம் காண்பது இந்த ஒரு பிட்டைக் கொண்டுதான். பிறகு 6 பிட் கட்டளை எண், 32 பிட் விவரம், 7 பிட் சிஆர்சி, கடைசியில் ஒன்று என்ற முடிவுப் பிட். இதனால் கட்டளை 0 பதினறும எண்முறையில் 40 என்றும், ஒரு கட்டத்தைப் படிக்கும் கட்டளை 17 ஆனது 51 என்றும், எழுதும் கட்டளை 24 ஆனது 58 என்றும் பதிவில் விழும். பழகியவர்கள் இந்த எண்களைக் கண்டவுடன் பொருளைப் படித்துவிடுவார்கள். தந்தி அலுவலகத்தில் கட்டுக்கடா ஒலியைக் கேட்டே செய்தி எழுதியவர்களைப் போல.

தொடக்கச் சடங்கு இன்னும் நுணுக்கமானது. மின்சாரம் கொடுத்ததும் குறைந்தது 74 கடிகாரத் துடிப்புகள் அனுப்ப வேண்டும். அதுவரை கார்டு கட்டளைக்குத் தயாராவதில்லை. இந்தக் கட்டத்தில் வேகம் 400 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. எஸ்பிஐ முறைக்கு மாற, கார்டைத் தேர்ந்தெடுக்கும் தடத்தைத் தாழ்த்தியபடி 40 00 00 00 00 95 என்ற ஆறு பைட்டுகளை அனுப்ப வேண்டும். எஸ்பிஐ முறையில் சிஆர்சி கட்டாயமில்லை என்று படித்துவிட்டு, கடைசி பைட்டை ஏனோதானோவென்று அனுப்பிய நிரல்கள் இங்கேதான் சிக்கின. அந்தக் கணத்தில் கார்டு இன்னும் எஸ்டி முறையில் இருக்கிறது. 95 சரியாக வராவிட்டால் அது வாய் திறக்காது. சரியாக வந்தால் 01 என்று ஒரு பைட் திரும்பும். ஓய்வு நிலையில் இருக்கிறேன் என்பது அதன் பொருள். முதன்முதலாக ஒரு கார்டுக்கு நிரல் எழுதுபவர் அனலைசர் திரையில் தேடுவது இந்த 01ஐத்தான்.

2006இல் 2 கிகாபைட்டுக்கு மேலான கொள்ளளவுக்காக எஸ்டிஎச்சி வந்தபோது, கேட்பவர்களுக்கு ஒரு பாடநூல் உதாரணம் கிடைத்தது. பழைய கார்டுகளில் கட்டளையின் 32 பிட் விவரம் பைட் முகவரி. புதியவற்றில் அதுவே 512 பைட் கட்டத்தின் எண். பழைய முறையிலேயே முகவரி தரும் நிரலைப் புதிய கார்டில் ஓட்டினால் கார்டு பிழை எதையும் அறிவிப்பதில்லை. கட்டளை 17க்குப் பணிந்து, கேட்ட கட்டத்தைக் கொடுக்கிறது. ஆனால் முதலாவது கட்டம் வேண்டி 512 என்று கேட்டவருக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டாவது கட்டம் வந்து சேர்கிறது. நிரலுக்குள் நின்று பார்த்தால் கோப்பு முறைமை கெட்டுவிட்டது போலத்தான் தெரியும். கம்பியில் பார்த்தால் விவரப் பகுதியில் 00 00 02 00 என்று எழுதியிருக்கும்; பிழை ஒரே பார்வையில் வெளிப்படும். எந்தக் கார்டு எந்த வகை என்பதைக் கட்டளை 8, கட்டளை 58 ஆகியவற்றின் மறுமொழியே சொல்லிவிடுகிறது. அந்த மறுமொழியைப் படித்தும் பயன்படுத்தாமல் விட்ட நிரல்கள் அன்று ஏராளம்.

தரவுத் தடங்களின் சாட்சியம் இதைவிடத் துல்லியமானது. நான்கு தட முறையில் ஒவ்வொரு தடமும் தனக்கென 16 பிட் சிஆர்சியைச் சுமந்து செல்கிறது. பதிவில் மூன்று தடங்களின் கணக்கு பொருந்தி, ஒன்று மட்டும் பொருந்தாவிட்டால், சந்தேகம் கார்டின் மீதோ நிரலின் மீதோ போக வேண்டியதில்லை. சாக்கெட்டில் அந்த ஒரு தொடுமுனையை, அல்லது பலகையில் அந்த ஒரு பற்றவைப்பைப் பார்த்தால் போதும். எழுதும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு கார்டு மூன்று பிட் தீர்ப்பு வழங்குகிறது: 010 என்றால் சரியாக வந்தது, 101 என்றால் வழியில் சிதைந்தது. அதன்பின் முதல் தரவுத் தடத்தைத் தாழ்த்திப் பிடித்துக்கொள்கிறது. வேலை நடக்கிறது, காத்திரு என்று பொருள்.

இந்தக் காத்திருப்பு பலரை அலைக்கழித்தது. பெரும்பாலான எழுத்துகள் ஓரிரு மில்லிநொடியில் முடியும். ஆனால் உள்ளே பழைய கட்டங்களை அழித்து ஒழுங்குபடுத்த வேண்டி வந்தால், எஸ்டிஎச்சி கார்டு 250 மில்லிநொடி வரை தடத்தைத் தாழ்த்தி வைக்க விவரக்குறிப்பு இடம் தருகிறது. ஒலியைப் பதிவு செய்யும் கருவியோ இடைவிடாமல் அளக்கும் உணரியோ அந்தக் கால் நொடிக்குள் வரும் தரவைத் தாங்கிக்கொள்ளும் அளவு இடைநினைவகம் வைத்திருக்காவிட்டால், பதிவில் ஓட்டை விழும். நாளில் இரண்டு முறை, எந்த ஒழுங்கும் இல்லாமல் நேரும் இத்தகைய பிழையை நிரலின் மீது சந்தேகப்பட்டே வாரக்கணக்கில் துரத்துவார்கள். அனலைசரில் அந்தத் தடத்தின் தாழ்நிலை நீளத்துக்கு ஒரு டிரிக்கர் வைத்தால், அடுத்த முறை நேரும்போது அகப்பட்டுவிடும்.

இத்தனையும் பெரிய நிறுவனங்களின் ஆய்வுக்கூடச் சொத்தாக நின்றுபோயிருக்கலாம். நல்ல லாஜிக் அனலைசர் நெடுங்காலம் தனிமனிதர் வாங்கக்கூடிய பொருளாக இருக்கவில்லை. அந்த நிலையை மாற்றியதில் தனியாட்களின் பங்கு பெரிது. 2006 வாக்கில் மைக்கேல் பொப்பிட்ஸ் என்ற ஜெர்மானியர், மறுநிரலாக்கக்கூடிய எஃப்பிஜிஏ பலகையில் ஓடும் சம்ப் என்ற லாஜிக் அனலைசர் வடிவமைப்பைத் திறந்த மூலமாக வெளியிட்டார். அதைத் தழுவி 2010இல் ஓபன் பெஞ்ச் லாஜிக் ஸ்னிஃபர் என்ற மலிவான பலகை வந்தது. இதற்கிடையே 2008இல் சேலி நிறுவனம் இன்னும் எளிமையான வழியைக் காட்டியிருந்தது. கருவிக்குள் நினைவகம் எதையும் வைக்காமல், சைப்ரஸின் எஃப்எக்ஸ்2 என்ற யுஎஸ்பி சில்லின் மூலம் எட்டுச் சானல் மாதிரிகளையும் நேரே கணினிக்கு ஓட்டிவிடுவதே அந்த வழி. கணினியின் நினைவகம் எவ்வளவோ அவ்வளவு நேரம் பதியலாம். அதே சில்லை வைத்துப் பிறர் செய்த எட்டுச் சானல், 24 மெகாஹெர்ட்ஸ் பலகைகள் உலகம் முழுவதும் பரவி, மாணவரின் மேசை வரைக்கும் வந்தன.

மென்பொருள் தரப்பில் 2010இல் உவே ஹெர்மனும் பெர்ட் வெர்மெயுலெனும் தொடங்கிய சிக்ராக் திட்டம் இதே அளவு மதிப்புடையது. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் ஒரே மென்பொருளில் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பேச்சைப் பொருள்படுத்தும் பகுப்பான்கள் பைத்தான் மொழியில் எழுதப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. எஸ்பிஐ பகுப்பான் பிட்டுகளைப் பைட்டுகளாக்கும். அதன்மேல் அமரும் எஸ்டி கார்டு பகுப்பான் அந்தப் பைட்டுகளைக் கட்டளையாகவும் மறுமொழியாகவும் பெயரிட்டு எழுதும். முன்பு தாளில் பென்சிலால் பிட் எண்ணியவர்கள் செய்த வேலையை இப்போது திரையே செய்தது. இதற்கு முன்பே, 2006இல், சான் என்ற புனைபெயரில் அறியப்படும் ஜப்பானியர் எழுதி இலவசமாக வெளியிட்ட ஃபேட்எஃப்எஸ் நூலகம், சிறு மைக்ரோகன்ட்ரோலர்களில் கார்டின் கோப்புகளைக் கையாளும் வேலையைப் பொதுவாக்கியது. 2012இல் எஸ்டி கார்டிலிருந்தே இயங்கத் தொடங்கும் ராஸ்பெர்ரி பை வந்ததும், கார்டோடு மல்லுக்கட்டுபவர்களின் எண்ணிக்கை பல மடங்கானது.

கம்பியைத் தொடுவது எப்படி என்பது தனிச் சிக்கல். 2005இல் எஸ்டி சங்கம் ஏற்ற மைக்ரோ எஸ்டி கார்டு 11க்கு 15 மில்லிமீட்டர் அளவுள்ளது; தடிமன் ஒரு மில்லிமீட்டர். அதன் எட்டு முனைகளும் சாக்கெட்டுக்குள் மறைந்துவிடுகின்றன. புரோப்பின் கொக்கியை மாட்ட இடமே இல்லை. இதற்குக் கிடைத்த விடை ஸ்னிஃபர் பலகை. அமெரிக்காவின் ஸ்பார்க்ஃபன் போன்ற நிறுவனங்கள் விற்ற இந்த மெல்லிய பலகையின் ஒரு நுனி கார்டின் வடிவில் வெட்டப்பட்டிருக்கும். அதைக் கருவியின் சாக்கெட்டில் செருக வேண்டும். மறுநுனியிலுள்ள சாக்கெட்டில் உண்மையான கார்டு. நடுவில் ஒவ்வொரு தடத்துக்கும் ஓர் ஊசிமுனை. அனலைசரின் கம்பிகள் அங்கே. கருவியைத் திறக்காமல், எதையும் பற்றவைக்காமல், இருவருக்கும் நடுவில் அமர்ந்து கேட்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

ஆனால் கேட்பவரின் இருப்பே பேச்சைக் கெடுக்கக்கூடும். எஸ்டி விவரக்குறிப்பு ஒரு தடத்தின் மொத்த மின்தேக்குத்திறனை 40 பிக்கோஃபாரடுக்குள் வைக்கச் சொல்கிறது. அதில் கார்டு மட்டும் 10 வரை எடுத்துக்கொள்ளும். சாதாரணப் பத்து மடங்கு ஸ்கோப் புரோப் ஒன்று 10 முதல் 15 பிக்கோஃபாரடைக் கூட்டுகிறது. அதோடு ஸ்னிஃபர் பலகையின் நீளத்தையும் சேர்த்தால் அலையின் விளிம்பு சாய்கிறது. நீளமான தரைக் கம்பியை மாட்டினால் அதன் மின்தூண்டல், இல்லாத அதிர்வுகளைத் திரையில் வரைகிறது. புரோப்பை மாட்டினால் கார்டு வேலை செய்வதும், எடுத்தால் நிற்பதும் இந்தத் துறையில் அடிக்கடி நடப்பது. அப்படி நடந்தால், கடிகாரத் தடத்தின் எதிரொலியைப் புரோப்பின் மின்தேக்குத்திறன் மட்டுப்படுத்துகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அந்தத் தடத்தில் சிறு தொடர்மின்தடையைச் சேர்ப்பதே பெரும்பாலும் மருந்து.

மலிவுக் கருவிக்கு வேக எல்லையும் உண்டு. எஸ்டி கார்டின் இயல்பு வேகமான 25 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு 40 நானோநொடிதான். நொடிக்கு 24 மில்லியன் மாதிரி எடுக்கும் பலகைக்கு ஒரு துடிப்புக்கு ஒரு மாதிரிகூட முழுதாகக் கிடைப்பதில்லை. அதே பலகை 400 கிலோஹெர்ட்ஸ் தொடக்கப் பேச்சில் ஒரு துடிப்புக்கு அறுபது மாதிரிகள் எடுக்கிறது. அதனால் நிரலில் கடிகாரத்தை வேண்டுமென்றே மெதுவாக்கிக் கேட்பது வழக்கமானது. கட்டளைப் பிழைகள் மெதுவான ஓட்டத்திலும் அப்படியே இருக்கும். அலைவடிவப் பிழைகள் மறைந்துவிடும். எது மறைந்தது, எது நின்றது என்பதே பாதி விடை.

லாஜிக் அனலைசர் ஒவ்வொரு மின்னழுத்தத்தையும் ஒன்றாகவோ சுழியமாகவோ முடிவுகட்டிவிடுவதால், இடைப்பட்ட உண்மைகள் அதில் தெரிவதில்லை. கார்டு எழுதத் தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் திடீரென ஏறுகிறது. மின்வழங்கல் நலிவாக இருந்தால் 3.3 வோல்ட் சரிந்து, கார்டு தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்கிறது. அனலைசரில் தெரிவது மறுமொழியற்ற மௌனம் மட்டுமே. 1996இல் ஹியூலட் பேக்கார்ட் வெளியிட்ட 54645டி, இரண்டு ஸ்கோப் சானல்களையும் பதினாறு லாஜிக் சானல்களையும் ஒரே திரையில் ஒரே நேர அச்சில் சேர்த்தது. 24 என்ற எழுதும் கட்டளையும் அதைத் தொடர்ந்த மின்னழுத்தச் சரிவும் ஒரே படத்தில் விழுந்தால், பழுது கார்டில் அல்ல, மின்தேக்கியில் என்று தெளிவாகிவிடும்.

ஒட்டுக்கேட்டல் பழுதுபார்ப்பதோடு நிற்கவில்லை. சம்பி என்ற சிறு கருவியின் உற்பத்தியின்போது பழுதான மைக்ரோ எஸ்டி கார்டுகளைச் சந்தித்த வன்பொருள் பொறியாளர் ஆண்ட்ரூ ஹுவாங், கார்டின் அடையாளப் பதிவகத்தைப் படித்தும் சில்லைத் திறந்து பார்த்தும் போலிகளை ஆராய்ந்து 2010இல் எழுதினார். உற்பத்தியாளர் எண், பெயர், தொடர் எண், தயாரித்த மாதம் எல்லாம் அந்த 128 பிட்டில் உண்டு. போலிகளில் அவை பொருந்தாமல் நின்றன. 2013 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் மாநாட்டில் அவரும் ஷான் கிராஸும் அடுத்த படியை எடுத்துரைத்தார்கள். கார்டுக்குள் இருப்பது வெறும் சேமிப்புக் கிடங்கல்ல. 8051 வகைச் செயலியோடு கூடிய முழுக் கணிப்பொறி. ஆப்போடெக் என்ற நிறுவனத்தின் கட்டுப்படுத்தி கொண்ட கார்டுகளில், கட்டளை 63ஐயும் அதன் விவரமாக நிறுவனப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளையும் அனுப்பினால், தொழிற்சாலைக் கதவு திறந்து புதிய நிரலை ஏற்றிக்கொள்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். இதற்காகக் கார்டுக்கும் கருவிக்கும் இடையிலான தடங்களை மட்டுமல்ல, கார்டுக்குள் கட்டுப்படுத்திக்கும் நேண்ட் சில்லுக்கும் இடையிலான தடங்களையும் எஃப்பிஜிஏ பலகையால் கேட்டார்கள். கம்பியில் கேட்கும் பேச்சு, உள்ளே நடப்பதைப் பற்றிக் கட்டுப்படுத்தி சொல்ல விரும்பும் கதை மட்டுமே என்பது அதன்பின் பரவலாகப் புரிந்தது.

வேகம் ஏற ஏறக் கேட்பது கடினமானது. 2009இல் வந்த எஸ்டிஎக்ஸ்சியோடு அறிமுகமான யுஎச்எஸ்-1 முறையில் கடிகாரம் 208 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது, மின்னழுத்தம் 3.3இலிருந்து 1.8 வோல்ட்டுக்கு நடுப்பேச்சிலேயே இறங்குகிறது. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஐந்து நானோநொடிக்கும் குறைவு. எந்தக் கணத்தில் மாதிரி எடுத்தால் பிட் பிழையின்றி வரும் என்பதைக் கருவி கட்டளை 19ஆல் தெரிந்த வடிவம் ஒன்றைக் கேட்டு வாங்கித் தானே தேடிக்கொள்கிறது. இங்கே சாதாரண ஸ்னிஃபர் பலகையைச் செருகினால் பேச்சே நின்றுபோகும். 2011இன் யுஎச்எஸ்-2 இரண்டாம் வரிசை முனைகளைச் சேர்த்து, தரவை இணைத் தடங்களின் மின்னழுத்த வேறுபாடாக, நொடிக்கு 312 மெகாபைட் வரை அனுப்புகிறது. அதை எட்டுச் சானல் பலகையால் நெருங்கவே முடியாது. இந்த வேகங்களுக்கென்று தனிப் புரோட்டோகால் அனலைசர்கள் வந்தன. எஸ்டி தடங்களுக்கான அத்தகைய கருவிகளைச் செய்பவர்களில் பெங்களூருவின் பிராடிஜி டெக்னோவேஷன்ஸும் ஒன்று. படிப்படியாக மாணவரின் மேசைக்கு வந்த கலை, உச்ச வேகத்தைப் பொறுத்தவரை மீண்டும் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியது.

2018இல் அறிவிக்கப்பட்ட எஸ்டி எக்ஸ்பிரஸ், கணினிகளின் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தையே கார்டுக்குள் கொண்டுவந்து நொடிக்கு 985 மெகாபைட்டை எட்டியது. 2025இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 விளையாட்டுக் கருவி அதன் மைக்ரோ வடிவத்தை ஏற்றது. ஆனால் பழைய கருவியில் செருகினாலும் இயங்க வேண்டும் என்பதால் முதல் வரிசை முனைகள் அப்படியே நிற்கின்றன. கருவி பழைய வழியில் தொடங்கினால், பிசிஐ தெரியுமா என்ற கேள்வியும் கட்டளை 8இன் விவரப் பகுதியில் ஓரிரு பிட்டாக, 400 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாத கடிகாரத்தில், கட்டளைத் தடம் வழியாகத்தான் போகிறது. அதற்குக் கார்டு தரும் 48 பிட் மறுமொழி வரை எட்டுச் சானல் பலகையின் பதிவில் முழுதாக விழுகிறது.